கண்ணாடிச் சந்தில் விழுந்த பேச்சு

பாரிஸில் லாச்சப்பலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வருகிற எங்கள் சந்துக்கு நகரசபை வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, நீளமான பெயர், அது எங்களில் ஒருவருடைய வாயிலும் சரியாக வந்ததில்லை, ஆகவே முதலில் கடை போட்டவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணாடிச் சந்து என்றார்கள், அதுவே நின்றுவிட்டது. இந்த முனையில் நுழைந்தால் மறுமுனைக்கு நூற்றுப்பத்துக் காலடி. இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு மேலே சின்னச் சின்ன அறைகள், அவற்றுக்கும் மேலே இரும்புச் சட்டத்தில் பதித்த கண்ணாடிக் கூரை, மழை வந்தால் நனையாமல் மழையைப் பார்க்கலாம், வெயில் வந்தால் எரியாமல் வெயிலைப் பார்க்கலாம். நடுவில் என்னுடைய மரக்கறிக்கடை, ஆறு கடை தள்ளிச் சறோ அக்காவின் சேலைக்கடை, எனக்கு நேர் எதிரே அன்ரனின் முடிவெட்டும் கடை, அதற்குப் பக்கத்தில் வாசலில் மூன்று மேசை போட்ட தேத்தண்ணிக்கடை.

அந்த ஆண்டு பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சேலைக்கடை வாசலில், "அந்தப் பச்சையை எடுத்துக் காட்டுங்கோ, அதில்லை, அதுக்குக் கீழை" என்று ஒரு பெண்ணின் குரல் மேலிருந்து விழுந்தது. சறோ அக்கா பச்சையை எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால் வாசலில் ஒருவரும் இல்லை. அவர் திரும்பி உள்ளே போகமுதல், "பச்சை உங்களுக்கு எடுபடாது, நான் உண்மையைச் சொல்லுறன்" என்று அடுத்த குரல் விழுந்தது, அது அவருடைய குரல், முப்பது வயதுக் குரல்.

"எனக்கு இப்பிடி ஒரு குரல் இருந்ததே?" என்று சறோ அக்கா சேலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருந்தது அக்கா. அதைக் கேட்டுத்தானே சனம் பயந்து சேலை வாங்கினது" என்றான் அன்ரன்.

இத்தனை வருடம் வடை பொரித்த புகையும், சாம்பிராணியும், தேத்தண்ணி ஆவியும், குளிர்காலத்தில் நாங்கள் விட்ட மூச்சும் ஏறி ஏறிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது, அதோடு பேச்சும் ஏறி ஒட்டியிருக்கும், இப்போது காய்ந்து உதிர்கிறது என்று அன்ரன் விளக்கம் சொன்னான். வெள்ளிக்கிழமைக்குள் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள், அதற்குமேல் ஆராயவில்லை, ஏனென்றால் வெள்ளிக்கிழமை மரக்கறிப் பெட்டிகள் வருகிற நாள்.

பிறகு பேச்சு நாள்தோறும் விழுந்தது. சொன்ன இடத்திலேயே விழுந்தது, சொன்னவருடைய குரலிலேயே விழுந்தது, சந்தின் இரும்புக் கதவு திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் விழுந்தது. இறந்துபோனவர்கள் விலை கேட்டார்கள், கனடாவுக்குப் போனவர்கள் தும்மினார்கள், இப்போது பேரப்பிள்ளை கண்டவர்கள் காதலிக்குத் தொலைபேசியில் பொய் சொன்னார்கள். ஒரு சம்பந்தம் குழம்பியது, ஏனென்றால் மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் தாயைப்பற்றி எப்போதோ சொன்னது, இருவரும் சேர்ந்து கூறைச்சேலை எடுத்துக்கொண்டு நிற்கும்போது அவர்கள் தலைமேலேயே விழுந்தது. தாய்மார் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொண்டு சந்தைக் கடந்தார்கள். அன்ரன் தன் கடைக் கண்ணாடியில், "தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இவ்விடத்தில் தூசணம் பேசியவர் தற்போதைய உரிமையாளர் அல்லர்" என்று எழுதி ஒட்டினான், அன்று மாலையே அவனுடைய இருபத்தைந்து வயதுக் குரல் அந்த எழுத்துக்குமேல் விழுந்து அவனைப் பொய்யனாக்கியது. தமிழ் வானொலிக்காரர் ஒருவர் ஒலிப்பதிவுப் பெட்டியோடு இரண்டு நாள் நின்றார். பெட்டியில் என் கடைக் குளிர்பெட்டியின் இரைச்சல் மட்டும் பதிந்தது. வெள்ளைக்காரர்கள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை, ஏனென்றால் எங்கள் சந்தில் சத்தம் ஆளோடு வருவதற்கும் ஆளில்லாமல் வருவதற்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

என் கடை வாசலில் பவளம் விழுந்தாள். என் மனைவி இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. "இஞ்சருங்கோ, சீனி முடிஞ்சுது!" என்று ஒரு நாள் காலையில் கேட்டது, நான் கையில் இருந்த கத்தரிக்காய்ப் பெட்டியை வைக்கவும் தெரியாமல் தூக்கவும் தெரியாமல் நின்றேன். பவளத்தின் குரல் பெரிய குரல். எங்கள் வாசலில் நின்று ஆறு கடை தள்ளிச் சறோ அக்காவோடு கதைப்பாள், இடையில் உள்ள கடைக்காரர்களும் அதில் சேர்ந்துகொள்வார்கள். அந்த வருடங்களில் சந்து முழுவதும் அப்படித்தான் கதைத்தது. ஊரில் இருந்தபோது சுவருக்கும் காது இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக் கதைத்தவர்கள் நாங்கள், இங்கே வந்து தமிழ் தெரியாத சனத்துக்கு நடுவில் விழுந்ததும், யாருக்கு விசா இல்லை, யார் எந்த அறையில் ஒளிந்திருக்கிறான், யார் யாருடைய பெயரில் வேலை செய்கிறான் என்பதையெல்லாம் வீதிக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கத்திச் சொன்னோம், தமிழ் எங்களுக்குப் பூட்டிய அறைபோல இருந்தது, அந்த அறைக்குள் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றோம்.

சுகிர்தன் பிடிபட்டது அதனால்தான். இருபத்தாறு வயது, பகலில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுவான், விசா இல்லை, என் கடைக்குமேல் அறையில் படுப்பான். இரண்டாயிரமாம் ஆண்டு ஒக்டோபர் பதினேழாம் தேதி பொலிஸ்காரர் நாலு பேர் வந்து நேரே அந்த அறைக்கு ஏறினார்கள். அவர்களோடு சாதாரண உடையில் ஒரு வெள்ளைக்காரர் வந்தார், அதற்கு முந்திய ஒரு கிழமையாக எங்கள் தேத்தண்ணிக்கடையில் குந்தியிருந்து பேப்பர் பார்த்தவர், நாங்கள் சீனி கூடப் போட்டுக் கொடுத்தவர். அவர் படியில் நின்று, "தம்பி, வெளியில் குளிர். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாரும்" என்று தெளிவான தமிழில் சொன்னார். அந்தச் சொற்களைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த இடத்திலேயே தாங்கள் கடந்த ஒரு கிழமையில் என்ன கதைத்தோம் என்று எண்ணத் தொடங்கினார்கள்.

மூன்று கிழமையில் சுகிர்தனை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கினான். ஊருக்குப் போய்ச் சேரவில்லை.

யார் சொன்ன வார்த்தை அவனைக் காட்டிக்கொடுத்தது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்தேன். அந்தக் கிழமையில் பவளம் வாசலில் நின்று, "சுகிக்குக் காய்ச்சல், மேல படுத்திருக்கிறான், கொஞ்சம் ரசம் வைச்சுத் தாங்கோ" என்று சறோ அக்காவிடம் கத்தியது என் காதில் இருந்தது. நான் அவளை ஏசவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. ஒரு நாள் கடை பூட்டும்போது, "இனியாவது மெல்லக் கதை" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு சொல்லவில்லை. ஒரு மாதத்தில் சந்து பழையபடி சத்தம் போடத் தொடங்கியது, பவளம் தொடங்கவில்லை. அதற்குப் பிறகு பதின்மூன்று வருடம் அவள் என் தோளுக்குக் கிட்ட வந்து நின்றுதான் சீனி முடிந்தது என்று சொன்னாள்.

ஆகவே பழைய பவளம் மேலிருந்து கத்தக் கத்த நான் வாசலில் கதிரை போட்டு இருந்து கேட்டேன், கேட்கக் கேட்கப் பயமும் ஏறியது, ஏனென்றால் பேச்சு ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது, முதலில் சொன்னது முதலில், பிறகு சொன்னது பிறகு. வைகாசி தொடக்கத்தில் ஒரு நாள் முழுச் சந்தும் ஒன்றாகக் "கோல்!" என்று கத்தி விழுந்தது, அது பிரான்சுக்கு உலகக்கிண்ணம் கிடைத்த தொண்ணூற்றெட்டு ஆடி மாதம். அன்ரன் நாட்காட்டியை எடுத்துவைத்து எண்ணினான். முந்தி ஒரு மாதம் கதைத்தது இப்போது ஒரு நாளில் விழுகிறது என்று கண்டுபிடித்தான். அப்படியென்றால் இரண்டாயிரமாம் ஆண்டு ஒக்டோபரில் கதைத்தது வருகிற ஆனித் தொடக்கத்தில் ஒரு புதன்கிழமை விழும், பதினேழாம் தேதிக்கு முந்தியதெல்லாம் மத்தியானத்துக்குள் விழுந்துவிடும்.

அதை அவன் சும்மா ஒரு கணக்குக்குத்தான் சொன்னான். இரண்டு நாளில் அது நகுலாவின் காதுக்குப் போய்விட்டது.

நகுலா சுகிர்தனின் தமக்கை, புறநகரில் இருந்தார், ஹோட்டல் அறை துப்புரவு செய்கிற வேலை. தம்பி போனபிறகு இந்தச் சந்துக்குள் காலடி வைக்காதவர். அந்தப் புதனுக்கு முந்திய திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மடிக்கிற கதிரை ஒன்றோடு வந்து, என் கடைக்கும் தேத்தண்ணிக்கடைக்கும் நடுவில் போட்டு இருந்தார்.

"புதன்கிழமைதானே தங்கச்சி?" என்று அன்ரன் பயந்துகொண்டு கேட்டான்.

"உன்ர கணக்குப் பிழைச்சா? இருபத்திரண்டு வருசம் இருந்திட்டன், ரெண்டு நாள் இருக்கமாட்டனோ?" என்றார்.

"கேட்டு என்ன செய்யப்போறீங்கள்?"

"ஆர் எண்டு தெரிஞ்சா அவையின்ர வாசலிலை போய் நிப்பன். பிறகு என்ன செய்யிறதெண்டு அப்ப யோசிப்பன்."

அந்த இரண்டு நாளும் சந்தில் வியாபாரம் இல்லை. பழைய கடைக்காரர்களில் ஒருவர் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார், ஒருவர் திடீரென்று லண்டனில் மகளைப் பார்க்கப் போனார், ஒருவர் மேலே போய்த் தன் பங்குக் கண்ணாடிக்குக் கீழே பொலித்தீன் கட்டினார், பேச்சு அதற்குள்ளாலும் விழுந்தது. ஒவ்வொருவரும் தான்தான் என்று பயந்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் பயம் இருக்கவில்லை. நகுலா வந்து என் வாசலில் நின்று, இறந்துபோன பவளத்தைத் தூற்றுவதை நான் எப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பேன் என்பதுதான் என் பயம்.

புதன்கிழமை விடிந்து கதவு திறந்ததும் நான் ஏணியும் வாளியும் சவர்க்காரத் தண்ணியும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். என் கடைக்கு நேர் மேலே உள்ள கண்ணாடி மூன்று. துணியை நனைத்துப் பிழிந்துவிட்டேன். கீழே ஏணி ஆடாமல் நின்றது, பார்த்தால் அன்ரன் பிடித்துக்கொண்டு நின்றான்.

"துடைக்கிறதெண்டால் துடையுங்கோ பஞ்சண்ணை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றான். "ஆனா அதோடை பவளமக்காவும் வாளிக்குள்ளை போயிடுவா."

நான் கண்ணாடிக்கு ஒரு முழம் கீழே துணியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றேன். மேலே ஒரு புறா நடந்தது. இன்னும் விழாத அவளுடைய பேச்சு எவ்வளவு அதில் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியாது, பிற்பட்ட பதின்மூன்று வருடத்துப் பேச்சு மெல்லிய பேச்சு, கூரைவரை ஏறியதோ இல்லையோ. இறங்கி வந்து வாளித் தண்ணியை ஊற்றினேன்.

ஒன்பது மணிக்கு நகுலா வந்து இருந்தார். பத்து மணிக்குச் சந்தில் நிற்க இடமில்லை, ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நாங்கள் வந்த காலத்திலிருந்து சந்து அப்படி அமைதியாக இருந்ததில்லை. முதலில் "ஒரு தேத்தண்ணி" என்று பிரெஞ்சில் விழுந்தது. பேப்பர் பார்த்த அந்த வெள்ளைக்காரரின் குரலை எல்லோருக்கும் தெரிந்தது. சிலர் தலையைக் குனிந்தார்கள். பிறகு வெண்டிக்காய் விலை, பிறகு யாருடையவோ சிரிப்பு, பிறகு ஆறு கடை தள்ளி, சேலைக்கடையின் உள்ளே, காதைக் கொடுத்தால் மட்டும் கேட்கக்கூடிய அளவில் பவளம்: "சுகிக்குக் காய்ச்சல், மேல படுத்திருக்கிறான், கொஞ்சம் ரசம் வைச்சுத் தாங்கோ."

நகுலா சறோ அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ர காதுக்குள்ளை சொன்னவ" என்றார் சறோ அக்கா. "கடைக்குள்ளை வந்து, கையைப் பிடிச்சுக்கொண்டு. வெளியிலை ஒரு குஞ்சும் கேட்டிருக்காது."

அது கத்தல் இல்லை. என் காதில் இருபத்திரண்டு வருடம் இருந்த கத்தல், ரசம் கேட்டதை அவள் பிறகு எனக்குச் சொன்னதன்மேல் நானே வைத்த கத்தல். இருந்தும் எனக்குச் சந்தோசமாக இருந்தது, அவள் இல்லை, அவள் இல்லை என்று நெஞ்சு அடித்தது, மறுபடி ஒரு தடவை "ஒரு தேத்தண்ணி" என்று பிரெஞ்சில் விழுந்தது, அதன்பிறகு என் கடை வாசலில், என் தலைக்குமேலிருந்து, என்னுடைய குரல் விழுந்தது.

"பவளம்! சுகி மேலயோ கிடக்கிறான்? வேலைக்குப் போகேல்லையெண்டால் இறங்கி வரச் சொல்லு, பெட்டி இறக்கோணும்!"

"மெல்லக் கதையுங்கோ" என்று பவளம் சொன்னாள். "அவன் விசா இல்லாத பிள்ளை. ஆரும் கேட்டாலும் கேட்பினம்."

"இஞ்சை ஆருக்கு விளங்கப்போகுது? அந்தா தேத்தண்ணி குடிக்கிற வெள்ளைக்கோ?" நான் சிரித்தேன். நல்ல சிரிப்பு, இளமையான சிரிப்பு. "டேய் சுகி! விசா இல்லாட்டில் பெட்டி தூக்கக்கூடாதெண்டு சட்டம் இருக்கோடா?"

மேலே யன்னலடியிலிருந்து, "வாறன் பஞ்சண்ணை, முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்" என்று சுகிர்தன் விழுந்தான், காய்ச்சல் குரலில், ஆனால் அவனும் சிரித்துக்கொண்டு.

அதுவரைக்கும் வாயிலிருந்து வந்ததுதான் விழுந்தது, வேறு சத்தம் விழுந்ததில்லை. அன்றைக்குத் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டில் மெதுவாக வைக்கிற சத்தம் ஒன்று விழுந்தது.

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. தாங்கள் இல்லை என்று ஆனதில் வந்த நிம்மதியை முகத்திலிருந்து மறைக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. நகுலா மட்டும் கதிரையிலிருந்து எழும்பாமல், தம்பியின் குரல் விழுந்த யன்னலை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிக்கிறான்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"அது உங்கட குரல்."

"என்ர குரல்தான் தங்கச்சி."

"அவ மெல்லக் கதையுங்கோ எண்டு சொன்னவ."

"ஓம். நான் அதை மறந்துபோனன். மறந்துபோய், பிறகு அவவுக்கு நான் அதைச் சொன்னன்."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் ரசத்தைப்பற்றியும், கடை பூட்டும்போது சொன்ன அந்த மூன்று சொல்லைப்பற்றியும், பவளம் வாயெடுத்துச் சொல்லாமல் விட்டதைப்பற்றியும் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். சறோ அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் ஒரு கெட்டவனைத் தேடிக்கொண்டிருந்தன் அண்ணை" என்றார் நகுலா. "காசுக்குச் சொன்னவன், எரிச்சலிலை சொன்னவன், அப்பிடி ஒருத்தன். ரெயிலிலை போகேக்கை, கட்டில் விரிக்கேக்கை எல்லாம் அவனுக்கு என்னென்ன சொல்லுறதெண்டு அடுக்கி வைச்சிருந்தன். பெட்டி இறக்கக் கூப்பிட்ட மனிசனுக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"அடுக்கி வைச்சதைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் எழும்பினார். கதிரையை மடித்துச் சுவரோடு சாத்தினார். என் கடை வாசலுக்கு வந்து, ஒரு முழம் இடைவெளியில் நின்று, முதலில் மெல்லத்தான் தொடங்கினார், "உனக்குக் கை இல்லையோ? பெட்டி இறக்க என்ர தம்பிதானோ கிடைச்சவன்?" என்று, பிறகு குரல் ஏறியது, காய்ச்சல்காரனை எழுப்பின கை முடங்கிப்போக என்றும், பல்லிளிச்ச வாய் பால் பருக்க ஆளில்லாமல் காய்ந்துபோக என்றும், கட்டினவளின் வாயைக் கட்டிப்போட்டு நீ மட்டும் கத்திக் கத்தி வெண்டிக்காய் வித்தாயே என்றும், தாய் தகப்பன் இல்லாத இரண்டு பேரில் ஒருவனைக் கொண்டுபோய்க் கொடுத்தாயே என்றும், இருபத்திரண்டு வருடம் ரெயிலில் அடுக்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து என் முகத்தில் வைத்தார். பகல் பன்னிரண்டு மணி, வெயில் கூரைக்குள்ளால் இறங்கி எங்கள் இருவர்மேலும் நின்றது, சந்து முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அன்ரன் ஓரடி முன்னுக்கு வந்தான், சறோ அக்கா அவனுடைய சட்டையைப் பிடித்து இழுத்து, "விடு. பேசட்டும்" என்றார். நான் கையைக் கட்டவில்லை, தலையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன், ஒரு சொல்லும் கீழே விழுந்துவிடாமல் வாங்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

அரை மணித்தியாலம் பேசினார். பிறகு தொண்டை கட்டிப்போய், குரல் வராமல், கையால் கேட்டார். நான் உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணி கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே குடித்தார், கடைசித் துளிவரைக்கும் குடித்தார், வெறும் கிளாசை என் கையில் திருப்பித் தந்தார்.

தந்துவிட்டு மறுபடி தொடங்கினார்.